புள்ளி வைத்த பெயர்கள்

அத்தியாயம் பதினான்கு

புதன்கிழமை என்றால் பொன்னம்பலம் பிள்ளை வீட்டில் பொழுது சாயங்காலம்தான் விடியும்.

அன்றைக்குத்தான் இளைய மகன் நெல்லையப்பன், கோட்டுகால் கடற்கரையில் இருக்கும் எலியா சாமியாரின் பங்களாவிலிருந்து ஸ்பெயின் தேசத்துப் பத்திரிகையோடு வருவான். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஸ்பானியப் பத்திரிகை வாசிக்கிற வீடு அது ஒன்றுதான். சந்தையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரிக்கட்டும். அந்தக் காகிதத்தில்தான் இந்த வீட்டின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரியார் எலியா சாமியாருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தமிழில் பிரசங்கம் செய்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நெல்லையப்பன் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி. அவர் பதிலுக்குத் தன் ஊர்ப் பத்திரிகையை முன்னால் வைத்துக்கொண்டு தன் பாஷையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு செய்தியை எடுத்தால் முதலில் அதில் வரும் பெயர்களுக்கெல்லாம் அடியில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு, யார் என்ன செய்தார்கள் என்று தேட வேண்டும். அப்புறம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, செய்தி முழுவதையும் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லுகிறவனுக்கு ஸ்பானியமும் கேட்கிறவருக்குத் தமிழும் ஒரே பாடத்தில் ஆகிவிடும்.

அப்படிப் படித்த செய்தியை நெல்லையப்பன் வீட்டிலும் வந்து வாசிப்பான். போன வருஷம் ரஷ்யச் சக்கரவர்த்தி சிம்மாசனத்தை விட்டு இறங்கிய செய்தியை அவன் வாசித்தபோது, பிள்ளை எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திருவிதாங்கூர் சர்க்காரில் காலமெல்லாம் எழுத்துவேலை பார்த்து ஓய்ந்தவர். ராஜாக்கள் இறங்குகிற செய்தியைத் திறந்த கதவோடு கேட்பது அவருக்குச் சரிப்படவில்லை.

அதெல்லாம் வேடிக்கையாக இருந்த காலம். பங்குனி மாதத்தோடு வேடிக்கை முடிந்தது.

மூத்த மகன் ஞானசம்பந்தம், நம்முடைய உமையம்மாளின் புருஷன், குன்னத்துகால் பகுதிக் கச்சேரியில், அதாவது வரி ஆபீஸில், கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அப்பாவோடு பெரிய சண்டை போட்டான். மறுநாள் ஆளைக் காணோம். சண்டை எதற்கு என்று உமையம்மாளுக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவன் கொழும்புக்குப் போனான், பம்பாய்க்குப் போனான், கடைசியில் ‘லேடி மார்கிரேவ்’ என்ற சரக்குக் கப்பலில் கிளார்க்காக ஏறினான். பங்குனியில் கப்பல் கம்பெனி தகவல் அனுப்பியது. ஸ்பெயின் கரைக்கு அப்பால் ஜெர்மன்காரன் அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டானாம். ஆட்களைப் பற்றி விவரம் இல்லையாம்.

இங்கிலீஷ்ப் பத்திரிகைகள் முழுகின கப்பலின் பெயரைச் சொல்வதில்லை. சண்டையில் இருக்கிற தேசம் அடிபட்டதை ஒளிக்கத்தான் செய்யும். ஸ்பெயின் சண்டையில் சேராத தேசம். அங்கே எதையும் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. கரையில் ஒதுங்கிய ஒவ்வொரு கப்பலின் கதையையும் அச்சடித்தார்கள். அந்தப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு நெல்லையப்பன் வாராவாரம் வாசித்தான்: கப்பலில் இருந்தவர்கள் கரையேறிவிட்டார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு. கன்னியாஸ்திரீகள் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவைப்பார்கள்.

இந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு ஆடி மாதம் வரை வந்து சேர்ந்திருந்தது. அன்று புதன்கிழமை; மறுநாள் கர்க்கடக வாவு, செத்தவர்களுக்குப் பலி வைக்கிற ஆடி அமாவாசை.

“மக்கா, உமையம்மா, இங்க கொஞ்சம் வா.”

காலையில் பிள்ளை கூப்பிட்டார். கண்ணில் புரை விழுந்தபிறகு அவருக்கு ஆள் நிழலாகத்தான் தெரியும். ஆனாலும் யார் வந்து நிற்கிறார்கள் என்பது காலடியிலேயே தெரிந்துவிடும்.

“நாளைக்கு ஆத்துக்கடவுல நம்ம போன ஆளுகளுக்குப் பலி உருண்டை வைக்கணும். உன் மாப்பிளைக்கும் வைக்கணுமா வேண்டாமா?”

உமையம்மாள் கிட்டே வந்தாள். “என்னத்துக்கு மாமா இப்படிக் கேக்குதிய? தம்பிதான் வாராவாரம் வாசிக்காரே.”

“வாசிக்கான். நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். பங்குனியில இருந்து அதே கஞ்சியாக்கும். ஒரு நாளாவது அவனுக்குக் கொஞ்சம் சோறு போடப்பிடாதா அந்தக் கன்னியாஸ்திரீகளுக்கு?”

அவளும் அதை யோசிக்காமல் இல்லை.

“பலிக்கு வார வாத்தியார்ட்ட கேட்டேன்,” என்றார் பிள்ளை. “ஆள் உண்டுன்னா வைக்கப்பிடாதாம். இருக்கவனுக்கு வச்சா அவனுக்க ஆயுசத் தின்னுமாம். ஆள் போயிட்டான்னா வைக்காம இருக்கப்பிடாது. ஊருல உள்ள போனவங்க எல்லாம் நாளைக்கு ஆத்துக்கரையில வந்து நிப்பாவ. இவன் மட்டும் வெறும் வயித்தோட திரும்பிப் போவானா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும். இண்ணைக்கு நெல்லையப்பன் வரட்டும், வாக்குக் கேக்கேன்.”

“சரி, மாமா.”

“அந்த வாவுப் பெட்டிய எறக்கிப் பாத்திரத்த எல்லாம் தேச்சு வை.”

“அத தம்பியில்லா எறக்குவாரு?”

“அவன் வந்து சேர அந்தியாவும். நீ எடு மக்கா, ஒரு குத்தமும் இல்ல.”

வாவுப் பெட்டி என்பது பூசையறைப் பரணில் இருக்கும் சின்னப் பலாமரப் பெட்டி. பலிக்குண்டான செம்புப் பாத்திரங்களும் தட்டும் அதில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள்தான் அதைத் திறப்பது. அதுவும் வீட்டு ஆண்பிள்ளை கையால். ஞானசம்பந்தம் போனதிலிருந்து அது நெல்லையப்பனின் வேலை. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று நெல்லையப்பன் நம்பியதில் தப்பில்லை. கிழவர் இந்த வருஷம் ஒருநாள் முந்திக்கொள்வார் என்று அவனுக்கு என்ன ஜோசியமா தெரியும்?

உமையம்மாள் செம்பையும் தட்டையும் வெளியே எடுத்தாள். அடியில், நாலாக மடித்த பத்திரிகை ஒன்று இருந்தது.

பெட்டிக்குள் அடியில் விரித்த காகிதம் என்றுதான் முதலில் நினைத்தாள். விரிக்கிறவர்கள் இப்படி மடிக்க மாட்டார்களே என்று தோன்றியபிறகுதான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே தெரிந்த பக்கத்தில் பென்சில் புள்ளிகள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உமையம்மாளுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் வரும். நெய்யாற்றின்கரை மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துப் படித்தவள். பத்திரிகை முன்னறையில் வாசித்து முடிந்ததும் விறகுப்புரைக்குப் போய்விடும், அடுப்பெரிக்க. அது அடுப்புக்குள் போகும் முன்னால் அவள் கைக்குள் போகும். முதலில் ஒளித்துத்தான் படித்தாள். ஒருநாள் நெல்லையப்பன் பார்த்துவிட்டான். திட்டுவான் என்று பயந்தாள். அவனோ பக்கத்தில் உட்கார்ந்து, பெயர்களுக்குப் புள்ளி வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். யுத்தம், கப்பல் வருகை, மழை, மந்திரிகள் சண்டை என்று ஒவ்வொன்றாக ஏறினாள். நீள நீளமான தலையங்கங்கள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

“உங்க படிப்பு நடு ஆத்துல நிக்குது, மைனி,” என்பான் நெல்லையப்பன் அண்ணியிடம். “இனித் திரும்பவும் முடியாது, அக்கரையும் காணாது.”

பங்குனிக்குப் பிறகு அவன் அவளுக்குப் பாடம் சொல்லுவதை நிறுத்திவிட்டான். வேலை அதிகம் என்றான். அவளுக்கும் படிக்க மனசில்லை, விட்டுவிட்டாள்.

இப்போது அவள் கையில் இருந்த பத்திரிகையில் பிப்ரவரி மாதத் தேதி போட்டிருந்தது. இந்த வீட்டில் ஒருநாளும் வாசிக்கப்படாத பத்திரிகை. ஆனால் புள்ளிகள் நெல்லையப்பனுடையவை. சின்னச் சின்னதாக, அழுத்தி வைத்த புள்ளிகள். எதை ஒளிக்க நினைத்தானோ அதிலும் அவனுக்குப் புள்ளி வைக்காமல் வாசிக்கத் தெரியவில்லை.

அவள் பூசையறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். முதலில் பெயர்கள்.

லேடி மார்கிரேவ். அதன் அடியில் புள்ளி.

சம்பந்தம். பத்திரிகைக்காரனுக்கு முழுப் பெயரும் வாய்க்குள் நுழையவில்லை போலிருக்கிறது, பாதியைத்தான் எழுதியிருந்தான். அதற்கும் புள்ளி.

அம்மிணி. அதற்கு ஒரு புள்ளி. குன்னத்துகால். அதற்கும் ஒரு புள்ளி.

அம்மிணி யார்? கப்பலில் வேறு யாராவது நம் ஊர்க்காரரா? உமையம்மாள் அதை அப்படியே விட்டுவிட்டு, யார் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தாள். மீன்பிடிக்கிறவர்கள் படகில் கொண்டுவந்தார்கள். ‘ஒஸ்பித்தால்’ என்றால் ஆஸ்பத்திரி, அது தெரியும். மூன்று இந்தியர்கள். ‘முயெர்த்தோ’ என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அவள் முதல்முதலாகப் படித்த ஸ்பானியச் சொல்லே அதுதான். யுத்தச் செய்தியில் தொடங்கியவளுக்குச் செத்தான் என்பதுதானே முதல் பாடம்.

பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பிச் சொன்னால்தான் செய்தி புரிந்தது என்று கணக்கு. வாய்க்குள்ளேயே தமிழில் சொல்லிப் பார்த்தாள்.

கரைக்கு வந்த மூன்று இந்தியர்களில் இரண்டு பேர் அன்றைக்கே செத்துப்போனார்கள். மூன்றாவது ஆள் கப்பல் கிளார்க். இங்கிலீஷ் தெரிந்தவன். எண்ணெயும் கடல்தண்ணீரும் மார்பில் இறங்கி, ஒரு வாரத்துக்கு மேல் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தான். டாக்டரை வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரன் அவனிடம் பேசினான். பிறகு அவனும் செத்தான். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். சாகும் முன்னால் அவன் சொன்னது: திருவிதாங்கூர் தேசத்தில் குன்னத்துகால் என்ற ஊரில் என் மனைவி அம்மிணி இருக்கிறாள். அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள். என் மகனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான் உமையம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

மனைவி அம்மிணி. மகன்.

அழுகை வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. குன்னத்துகால் கச்சேரியில் வேலை அதிகம் என்று சொல்லிச் சொல்லி வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கின ஆள். திரும்பி வரும்போது ஞாபகமாகப் பலாப்பழம் கொண்டுவருகிற ஆள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிள்ளையில்லை என்று இவள் ஏறாத கோயில் இல்லை. அவனுக்கு அங்கே ஒரு மகன்! நாலு வருஷத்துக்கு முந்தின சண்டை எதற்கென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் இவள் யாருக்காக விளக்கேற்றினாள்?

இதை அடுப்பில் போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தாள். போட்டுவிட்டால் அவன் உயிரோடு இருப்பான். ஒவ்வொரு புதனும் நெல்லையப்பன் அவனுக்குக் கஞ்சி ஊற்றுவான். இவள் பொட்டும் பூவுமாக இருந்துவிடலாம். யுத்தம் முடிகிற வரைக்குமாவது யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுப்படி வரைக்கும் போனாள். தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த மரத்தடி நினைவுக்கு வந்தது. தெரியாத ஊர். தெரியாத பாஷை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வாரம். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றி, சம்பந்தம் என்று கூப்பிடக்கூட ஆள் இல்லை. எவளுடைய பேரைச் சொன்னால் என்ன, கிடந்தவன் அவன்தானே. துரோகிதான். நாளைக்கு வெறும் வயிற்றோடு திரும்பிப் போகட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. அவளுக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது.

பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள். அழுகை அங்கே வந்தது. செம்பைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

வெயில் தாழ்ந்து நெல்லையப்பன் வந்தான். முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த செம்புப் பாத்திரங்களைப் பார்த்ததும் நடை நின்றுபோனது.

“பெட்டிய யாரு தொறந்தது?”

“நான்தான் தம்பி. மாமா சொன்னாவ.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் குனிந்து விளக்குக்குத் திரி போட்டாள்.

“எலே, வந்திட்டியா? வாசி,” என்றார் பிள்ளை சாய்வு நாற்காலியிலிருந்து.

நெல்லையப்பன் அன்றைக்குக் கொண்டுவந்த பத்திரிகையைப் பிரித்தான். உமையம்மாள் விளக்கை ஏற்றி அவன் பக்கத்தில் வைத்தாள். வைக்கும்போது பக்கத்தைப் பார்த்தாள். ரொட்டி விலை ஏறிவிட்டது என்று எழுதியிருந்தது. கடை வாசலில் பெண்கள் விடியும் முன்பே வந்து நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தது. இந்தியா என்ற சொல் மேலிருந்து கீழ்வரை எங்கும் இல்லை.

“கரையேறின இந்தியர்கள் எல்லாரும் சுகமா இருக்காவளாம், அப்பா,” என்று நெல்லையப்பன் வாசித்தான். “கடல்காத்து ஒத்துக்கிடுதாம். கன்னியாஸ்திரீகள் கஞ்சி...”

“மதி, மதி.” பிள்ளை போதும் என்று கையைத் தூக்கினார். “கஞ்சி மதி. நான் ஒண்ணு கேக்கேன், சொல்லு. உனக்க அண்ணன் உண்டா இல்லியா?”

“உண்டு, அப்பா.”

“அப்போ நாளைக்கு அவனுக்கு உருண்டை வைக்க வேண்டாம்?”

“வேண்டாம். கண்டிப்பா வைக்க வேண்டாம்.”

அந்தக் ‘கண்டிப்பா’ கொஞ்சம் அவசரமாக வந்தது. உமையம்மாள் அதைக் கவனித்தாள்.

“விளக்கத் தொட்டுச் சொல்லு.”

நெல்லையப்பன் அசையவில்லை.

“தொடுலே.”

அவன் கை மெதுவாக விளக்குப் பக்கம் போனது. இவன் தொட்டுவிடுவான் என்று உமையம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. தனக்காகத்தான் தொடப்போகிறான் என்றும் நினைத்தாள்.

“வேண்டாம் தம்பி,” என்றாள். “கைய எடுங்க.”

இடுப்பிலிருந்து பத்திரிகையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிரித்தாள். நெல்லையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் வாசித்தாள். தட்டுத்தடுமாறி, சொல்லுக்குச் சொல் நின்று, அந்தப் பாஷையிலேயே வாசித்தாள்.

பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்தார். “யாரு வாசிக்கது? உமையம்மையா?”

“நான்தான் மாமா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும். கேளுங்க.”

‘முயெர்த்தோ’ வந்த இடத்தில் குரல் உடைந்தது. கிழவருக்கு அந்தச் சொல் தெரியும். யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பார்! அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் கடைசி வரிக்கு முந்தின வரியில் நிறுத்தினாள். பத்திரிகையை மடித்தாள். மடித்து வைத்துவிட்டுத் தமிழில் திருப்பிச் சொன்னாள். படகு, ஆஸ்பத்திரி, மார்பில் இறங்கின தண்ணீர், ஒரு வாரத்துக்கு மேல் இழுத்த மூச்சு, மரத்தடி. கடைசி வரியைத் தவிர ஒன்றும் மறைக்கவில்லை. அவ்வளவுதான் என்றாள்.

கிழவர் வாயைத் திறந்து மூடினார். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்கிறவர் மாதிரித் தணிந்த குரலில் கேட்டார்.

“கடைசியில... யாரையாவது கேட்டானா மக்கா? யாருக்க பேரையாவது சொன்னானா?”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார். நாலு வருஷமாக இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவர், இப்போது அந்தப் பெயர் வந்து விழுந்துவிடுமோ என்று பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உமையம்மாளுக்கு அவரைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

“உங்களத்தான் கேட்டாராம் மாமா,” என்றாள். “அப்பான்னு சொன்னாராம்.”

பொன்னம்பலம் பிள்ளை முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார். சத்தம் போட்டு அழத் தெரியாத மனிதர். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நெல்லையப்பன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். வாராவாரம் தான் செய்த வேலையை இன்னொருத்தர் செய்வதை முதல்முறையாகப் பார்க்கிறான்.

“நாளைக்கு வை,” என்றார் பிள்ளை துண்டுக்குள்ளிருந்து. “அவனுக்கும் வை. நானும் வாறேன் கடவுக்கு. என்னையும் கூட்டிட்டுப் போ.”

சாவுச் சேதி கேட்ட வீட்டில் எல்லாரும் தலைமுழுக வேண்டும். கிழவருக்கு வெந்நீர் ஊற்றி உட்காரவைத்துவிட்டு, உமையம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். நெல்லையப்பன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். இன்னும் முழுசாக இருட்டவில்லை.

“கடைசி வரிய நீங்க வாசிக்கல, மைனி.”

“நீங்க பங்குனியில இருந்து முழுப் பேப்பரையும் வாசிக்கல. நான் ஒரு வரிதான விட்டேன்.”

அவன் வாளியைக் கீழே வைத்தான். “அண்ணைக்குப் பாடமே அதாக்கும். வழக்கம்போலப் புள்ளி வச்சுட்டே வந்தேன், அண்ணன் பேருக்கும் வச்சுட்டுதான் பாத்தேன். சாமியார் திருப்பிச் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். எப்பவும் வரிக்கு வரி நிறுத்துவாரு. அண்ணைக்கு ஒரு பிழையும் திருத்தல. எழும்பிப் போயிட்டாரு.”

“அத ஏன் எரிக்கல?”

“அண்ணனுக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான? எப்படி எரிக்கது?”

அவள் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். குங்குமம் கரைந்து மூக்கின் வழியாக இறங்கியது. காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். தாலி நாளைக்கு. எல்லாம் நாளைக்கு.

கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செத்தவன்மேல் வைக்க முடியவில்லை, இவன்மேலும் வைக்க முடியவில்லை. குன்னத்துகாலில் இருக்கிறவள்மேல் வைக்கலாம் என்று பார்த்தாள். அவளும் இந்த நேரம் ஏதோ ஒரு வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு, புருஷன் வருவான் என்று உட்கார்ந்திருப்பாள். பாவம். சாகிறவன் சொல்லி அனுப்பின வார்த்தை நாலு மாதமாக வாவுப் பெட்டிக்குள் கிடந்தது என்று அவளுக்கு யார் சொல்வது? தான்தான் போய்ச் சொல்ல வேண்டும்போல. போக வேண்டும் என்று நினைத்ததும் உடம்பு எரிந்தது. போகத்தான் வேண்டும் என்றும் தெரிந்தது.

“தம்பி,” என்றாள். “அந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?”

நெல்லையப்பன் கயிற்றைக் கையில் சுற்றினான். சுற்றியதை அவிழ்த்தான்.

“இடுப்பளவு தண்ணியில நிக்கும், மைனி. அதுக்குமேல பயம். கைய விட்டா அழும்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த செம்பு நழுவியது.

“நீங்க... அங்க போயிட்டு வாறீயளா?”

“பங்குனியிலேயே போயிட்டேன். அவட்ட சொல்லியாச்சு. அவ வெள்ள உடுத்தி நாலு மாசம் ஆச்சு, மைனி.”

அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் அழுது முடித்தும் விட்டாள். பங்குனியிலிருந்து இன்று வரைக்கும் பூ வைத்துக்கொண்டு திரிந்தவள் இவள் ஒருத்திதான்.

“அதுனாலதான் உருண்டை வைக்க வேண்டாம்னு சொன்னேன்,” என்றான் நெல்லையப்பன். அவன் அழுதுகொண்டிருந்தான். “மகன் இருக்கும்போ மத்தவங்க வைக்கப்பிடாது; அண்ணனுக்கு நாளைக்கு அவனுக்க மகன் வைக்கான். காலம்பற அவ பிள்ளையக் கூட்டிட்டு நெய்யாத்துக்கு வருவா. நம்ம கடவுதான், மைனி. வேற கடவு எனக்குத் தெரியாதே.”

உள்ளே பொன்னம்பலம் பிள்ளை, நாளைக்குக் கடவுக்கு உடுத்திப்போக வெள்ளை வேட்டியை எடுத்து வைக்கும்படி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.